சொம்புக்குள் கிடந்த பெயர்கள்

நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. என் பெயரை எழுதிக் காட்டினால்கூட அது என்னுடையதா, பக்கத்து வீட்டுக்காரியுடையதா என்று சொல்ல மாட்டேன். அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். இவள் ஒரு பக்கம் எழுதி முடித்ததும் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வேன். நான் சொன்னது நான் சொன்னபடி வந்திருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன்.

"எம்மேல அவ்ளோ சந்தேகமா ஆயா?" என்று இவள் சிரிக்கிறாள்.

"உம்மேல மட்டும் இல்ல கண்ணு. எல்லாரு மேலயும் தான்."

இப்போது பல் தெரியச் சிரிக்கிறாளே, அந்தப் பல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் குலுக்கலைச் சொன்னால்தான் விளங்கும். அதற்கும் முன்னால் புளியைச் சொல்ல வேண்டும். இவள் முறைக்கிறாள். முறைக்கட்டும், கதை என்னுடையது.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். ஒரு ஏக்கர் நிலம், அதில் தக்காளி. மகனிடம் பழைய லோடு வண்டி ஒன்று இருக்கிறது. எங்கள் தக்காளியோடு ஊரார் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு விடியும்போது மார்க்கெட்டுக்குப் போவான். நானும் மருமகளும் வீட்டில் உட்கார்ந்து புளி தட்டுவோம். வியாபாரி மூட்டையில் புளி இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இதில் ஒரு சங்கதி உண்டு. அவர் இறக்கிய எடையும், நாங்கள் திருப்பித் தரும் புளி, கொட்டை, ஓடு, நார் எல்லாம் சேர்ந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பிடி குறைந்தாலும் எங்கே போச்சு என்று கேட்பார். முப்பது வருஷம் இந்த வேலை செய்தவளுக்கு வேறு எந்தப் புத்தி வரும்? எதைப் பார்த்தாலும் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்றுதான் என் மனசு ஓடும். பால்காரர் ஊற்றும் பாலையும் அப்படித்தான் பார்ப்பேன். மருமகள் வைக்கும் குழம்பையும் அப்படித்தான் பார்ப்பேன்.

பேரப்பிள்ளைகள் சின்னதாக இருந்தவரை பத்து ரூபாய்த் தின்பண்டத்தில் அடங்கினார்கள். இவள் பன்னிரண்டாவதுக்கும் அவன் ஒன்பதாவதுக்கும் போன வருஷம் கேட்பதெல்லாம் ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டது. ஒரு மாசி மாசத்துச் சாயங்காலம், மருமகள் களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். பேரன் வந்து நின்றான்.

"அம்மா, சைக்கிளு."

"தள்ளிப் போடா, சூடு."

அவன் போவதற்குள் மகன் உள்ளே வந்தான். "பின் டயரு நூலு தெரியுது. எப்ப வெடிக்குமோ."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எனக்கும் ஒரு சினை ஆடு வேணும்னு நான் எப்ப இருந்து சொல்றன்" என்றேன்.

மருமகள் துடுப்பை அப்படியே களிக்குள் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "நான் என்ன நோட்டு அடிக்கற மிஷினா வெச்சிருக்கறன்? எனக்குந்தான் புதுசா ஒரு தையல் மிஷினு வேணும். அந்தப் பழசு மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சு. நான் யாருகிட்டப் போயி நிக்கறது?"

மூலையில் படித்துக்கொண்டிருந்த பேத்தி ஒன்றும் கேட்கவில்லை. கையை வாய்மேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அவள் என்ன கேட்பாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குப் பல் பூராவும் கறை. குறுக்கே கோடு கோடாகப் பழுப்பு. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த பிறகு பல் முளைத்தவன் பேரன், அவனுக்குப் பால் மாதிரி இருக்கும். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் தின்று, இவளுக்கு ஒரு பல், அவனுக்கு ஒரு பல். இது தண்ணீரால் வந்தது என்று எனக்கு முதலில் தெரியாது. இவள் பல் விளக்காமல் ஏமாற்றுகிறாள் என்றே நினைத்தேன். ஏழு வயசுப் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து, அடுப்புக்கரியும் உப்பும் வைத்து ஈறு கிழியத் தேய்த்திருக்கிறேன். பிறகு நர்சம்மா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அதற்குள் இவள் சிரிக்கும்போது வாயை மூடப் பழகிவிட்டாள்.

தருமபுரியில் பல் டாக்டரிடம் கேட்டதில் எட்டாயிரத்துக்குள் சரி செய்யலாம் என்றார். பன்னிரண்டாவது முடித்து நர்சிங் சேர வேண்டும், புது இடத்துக்குப் போவதற்குள் பல்லைச் சரி செய்துகொள்ள வேண்டும் என்பது இவள் ஆசை. ஒரு தரம்தான் வாய்விட்டுக் கேட்டாள். பல்லுக்கு எட்டாயிரமா என்று அவள் அப்பா கேட்டான். அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றைக்குக் களி கிண்டி முடித்துவிட்டு மருமகள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இனிமே எங்கிட்ட யாரும் எதையும் கேக்கக் கூடாது. சீட்டு கட்டற மாதிரி மாசாமாசம் எல்லாரும் பணம் போடுங்க. அம்மாவாசைக்கு அம்மாவாச குலுக்கல். யாரு பேரு வருதோ மொத்தப் பணமும் அவுங்களுக்கு. ஆசப்பட்டத வாங்கிக்கட்டும். மத்தவங்க வாயத் தொறக்கக் கூடாது."

மகன் நாலாயிரம். மருமகள் பால், தையல் வருமானத்தில் இரண்டாயிரம். என் முதியோர் பணம் ஆயிரத்து இருநூறு. பிள்ளைகள் லீவு நாளில் எங்களோடு புளி உடைத்துத் தலைக்கு நானூறு. எட்டாயிரம் ஆச்சு. ஐந்து பேர், ஐந்து மாசம்.

"யாரு எடுக்கறது?" என்றான் பேரன். "அக்கா எடுத்தா கள்ளாட்டம் ஆடுவா."

"நீ பரீட்சையிலயே ஆடறவன், பேசறான் பாரு."

"ஆயா எடுக்கட்டும்" என்றாள் மருமகள். "ஆயாவுக்குத் தான் படிக்கத் தெரியாது. எது யாரு பேருன்னு தெரியாம எடுக்கும்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. எழுத்து தெரியாததற்கு ஒருவர் மரியாதை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் படுத்த பிறகு யோசித்தேன். மருமகள் எதற்கு என்னைச் சொன்னாள்? என்னை ஒரு காரியத்துக்கும் முன்னால் தள்ளாதவள் ஆயிற்றே.

மாசி அமாவாசைக்கு நாலு நாள் முன்பு மகனின் வண்டி டயர் மார்க்கெட் போகும் வழியில் வெடித்தது. இருபது கூடை தக்காளி ரோட்டில். அமாவாசை அன்று சாயங்காலம் மருமகள் சமையலறையில் காகிதத் துண்டுகளில் பெயர் எழுதி, சுருட்டி, பித்தளைச் சொம்பில் போட்டுக் கொண்டுவந்தாள். பேரன் குலுக்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பேத்தி பிரித்துப் படித்தாள்.

"அப்பா."

மகன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எங்கம்மா கை ராசியான கை!" அதோடு விட்டானா, டயர் கடையிலும் அதையே சொல்லிவிட்டு வந்தான்.

பங்குனியில் டவுன் பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். பேரன் வாரத்தில் மூன்று நாள் முதல் பீரியட் முடிந்து போனான். வாத்தியார் சொல்லி அனுப்பினார். அமாவாசைக்கு நான் எடுத்த துண்டில் அவன் பெயர். சைக்கிள் வந்தது.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் இடித்தது. யாருக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது அவர்கள் பெயர் வருகிறது. சாமிக்கு எங்கள் வீட்டுச் சங்கதி இவ்வளவு தெளிவாகவா தெரியும்? தெரிந்தால் இத்தனை வருஷம் தக்காளி விலையை ஏன் கவனிக்கவில்லை?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. குலுக்கல் முடிந்ததும் மருமகள் மிச்சத் துண்டுகளை அப்படியே அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுகிறாள். கிழித்த காலண்டர் தாளைக்கூட மடித்து அலமாரியில் விரிக்கிறவள் அவள். பருப்பு வாங்கிய பையைக் கழுவிக் காயவைக்கிறவள். இந்தத் துண்டை மட்டும் அவசரமாக எரிப்பானேன்?

"குடு, சொம்ப நான் கழுவி வெக்கறன்" என்று கையை நீட்டினேன்.

"வேணாங்க அத்த. நீங்க உக்காருங்க."

அத்தையை உட்காரச் சொல்கிறாள்! அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது, என்னவோ நடக்கிறது என்று. ஊரில் ஒன்றிரண்டு பேரிடம் சாடையாகச் சொல்லியும் வைத்தேன். சொன்னது மருமகள் காதுக்குப் போயிருக்க வேண்டும். சித்திரை அமாவாசைக்குப் பேத்தி துண்டைப் பிரித்து, "ஆயா!" என்று கத்தினாள்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நானும் பட்டேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் என் வாயை அடைக்கத்தான் இது என்ற நினைப்பும் கூடவே வந்தது. வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

காரிமங்கலம் சந்தைக்குப் பேத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரீட்சை முடிந்து சும்மாதான் இருந்தாள். ஆட்டுக்காரன் ஒருவன் எட்டாயிரத்து ஐந்நூறு சொன்னான். இரண்டாவது ஈத்துச் சினை என்றான். அவன் சொன்னதை நம்பிவிடுவேனா? ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தேன். ஆட்டு வயசு பல்லில்தான் இருக்கிறது. பால் பல் போய் நாலு பல் மாறியிருந்தது.

"பாத்துக்கங்க ஆயா, பல்லு பொய் சொல்லாது" என்றான் அவன்.

"நீ சொல்லுவியே."

பேத்தி குனிந்து பார்த்தாள். "ஆயா, ஆட்டுப் பல்லு எவ்ளோ வெள்ளையா இருக்குது பாரு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லும்போது கை தானாக வாய்க்குப் போயிற்று. ஆட்டுக்காரன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் வீட்டில் பெண் பிள்ளை இருக்குமோ என்னவோ.

ஏழாயிரத்து எண்ணூறுக்கு முடித்தேன். மிச்சத்தில் இருவரும் போண்டா சாப்பிட்டோம். ஆடு லோடு ஆட்டோவில் என் முந்தானையை மென்றுகொண்டு வந்தது. ஆனால் எனக்கு மனசு ஆட்டில் இல்லை. இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி, மருமகளும் பேத்தியும். வைகாசி அமாவாசைக்குப் பேத்தி பெயர் வந்தால் காலேஜ் திறப்பதற்குள் பல் சரியாகும். மருமகள் பெயர் வந்தால் இவள் வாயை மூடிக்கொண்டுதான் காலேஜுக்குப் போவாள். அதுவும் ஆனியில் தக்காளி விலை என்ன ஆகுமோ, கடைசிப் பணம் சேருமோ சேராதோ. அன்றைக்கு அந்தக் கரியும் உப்பும் என் விரலிலேயே இருப்பது போல இருந்தது.

வைகாசி அமாவாசை காலையில் மருமகள் சொம்பை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து வியாபாரியின் கணக்குப்பிள்ளை புளி மூட்டையோடு வந்து இறங்கினார். நான் சொம்பிலிருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்குப் போனேன்.

"இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சாமி."

"என்னா ஆயா, ரெண்டு துண்டு? எலெக்சனா?"

"சீக்கிரம் படிங்க."

பிரித்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே பேருதான். உங்க மருமகப் பேரு. எங்க நோட்டுல கூலி எழுதறனே, எனக்குத் தெரியாதா?"

அவர் கையிலிருந்து இரண்டையும் பிடுங்கி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன். நினைத்துப் பார்த்தேன். மாசியில் ஐந்து துண்டிலும் என் மகன் பெயர். பங்குனியில் நாலிலும் பேரன். எதை எடுத்தாலும் அவள் நினைத்ததுதான். அதற்கு என் கை! படிக்கத் தெரியாதவள் எடுத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று பார்த்து என்னை உட்காரவைத்திருக்கிறாள். இப்போது தனக்குத் தையல் மிஷின் எடுத்துக்கொள்ளப் போகிறாள். பெற்ற மகள் பல்லைவிட மிஷின் பெரிசாகப் போய்விட்டது.

அவள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவாள், மகன் சத்தம் போடுவான், குலுக்கலே நின்றுவிடும், இவளுக்குப் பல்லும் கிடைக்காது. எனக்கு வேறு யோசனை வந்தது. பேரனின் நோட்டில் பின்பக்கம் ஒரு தாளைக் கிழித்தேன். அதே அளவுக்கு இரண்டு துண்டு. ஒன்றும் எழுதாமல் சுருட்டிச் சொம்பில் போட்டேன். படிப்பது பேத்திதானே? வெறும் தாளைப் பார்த்ததும் இவளுக்குப் புரியும், தன் பெயரைச் சொல்லிவிடுவாள். மருமகளால் வாய் திறக்க முடியாது. நான் எழுதியது அது இல்லையே என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் அவள் குட்டு உடையும். எழுத்து தெரியாமலே எழுத்து தெரிந்தவளை மடக்கிவிட்டேன் என்று அன்றைக்குப் பகல் பூராவும் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு புளி தட்டினேன். ஆடுகூட என்னை ஒரு மாதிரி பார்த்தது.

சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தோம். பேரன் குலுக்கினான். நான் கண்ணை மூடி, முனகிச் சாமி கும்பிட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் துழாவி, ஒன்றை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தேன்.

அவள் பிரித்தாள். பார்த்தாள். ஒரு நிமிஷம் தாளைத் திருப்பியும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை லேசாக ஆட்டினேன், சொல்லு என்று. அவள் பார்வை என்னை விட்டு அவள் அம்மாவிடம் போயிற்று.

"அம்மா" என்றாள்.

துண்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, மிஷினு வந்திருச்சு!" என்று மகன் தொடையைத் தட்டினான். மருமகள் சிரிக்கவில்லை. பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். மிச்சத் துண்டை வழக்கம் போல அடுப்பில் போட்டாள்.

வெற்றுத் தாளில் பெயர் எங்கிருந்து வந்தது? நான் வைத்த துண்டை மருமகள் பார்த்து மறுபடி மாற்றிவிட்டாளா? கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டாரா? அவருக்கு எப்போதும் மருமகள்மேல் மரியாதை அதிகம், எனக்குக் கொடுப்பதைவிட நல்ல மூட்டையாகப் பார்த்து அவளுக்குக் கொடுப்பார். இல்லை, இந்தப் பெண்ணும் அம்மாவோடு கூட்டா? யாரைக் கேட்பது? கேட்டால் நான் செய்தது வெளியே வரும். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மகன் எனக்குச் சூடு பிடித்துவிட்டது என்று இளநீர் வாங்கிவந்தான். அதைக் குடித்தேன். இளநீர் என்ன செய்தது பாவம்?

மூன்றாம் நாள் ஆட்டை மேய்க்கப் போனபோது பேத்தியே பின்னால் வந்தாள்.

"ஆயா, அதுல ஒன்னுமே எழுதல."

"எதுல?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"நடிக்காத. ஓரத்துல புளிக் கற இருந்துச்சு. உன் வெரலு அப்படியே படிஞ்சிருந்துச்சு."

என் விரலைப் பார்த்தேன். முப்பது வருஷக் கறை. பிறகு கேட்டேன், "ஏங் கண்ணு, அப்புறம் எதுக்கு உம் பேர சொல்லாத வுட்ட?"

அவள் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். "அம்மா தலகாணி ஒறைக்குள்ள காலேஜு கடுதாசி இருக்குது. நான் பாத்துட்டன். மொத தவண இருபதாயிரம். அம்மாகிட்ட பன்னண்டு தான் இருக்குது. அடுத்த வாரம் கடைசி நாளு. அம்மா இந்தப் பணத்த மிஷினுக்கு வாங்கல ஆயா. ஃபீசுக்குத் தான்."

ஆட்டுக் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

"எம் பேர சொல்லியிருந்தன்னா அம்மா ஒன்னும் சொல்லாம எங்கிட்டக் குடுத்துட்டு, யாருகிட்டயாவது வட்டிக்கு வாங்கியிருக்கும்."

"அப்ப, உங்கம்மா ஒரே பேர எழுதிப் போடறது உனக்குத் தெரியுமா?"

"மொத மாசமே தெரியும். நாந்தான காகிதம் வெட்டிக் குடுத்தன்? மறுநா பாத்தா, அடியில வெச்சு எழுதுன நோட்டுல எழுத்து அமுங்கியிருந்துச்சு. அஞ்சு தரமும் அப்பா பேருதான்."

"தம்பிக்கு?"

"அவனுக்கும் தெரியும்."

"உங்கப்பனுக்கு?"

"அப்பா உன் கைய ராசியான கைன்னு நம்பிக்கிட்டு இருக்குது. கெடுக்காத."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விட அதிகமாகக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் மருமகளிடம் நேராகக் கேட்டேன்.

"என் கைய வெச்சு ஏமாத்தினயே, நாயமா?"

அவள் புளியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "நான் எடுத்து இவனுக்கு இந்த மாசம், அவளுக்கு அடுத்த மாசம்னு சொன்னா ஒத்துக்குவாங்களா? உங்க மகன் ஒத்துக்குவாரா? தெனமும் சண்ட. உங்க கையில வந்தா சாமி குடுத்ததுன்னு வாய மூடிக்கிறாங்க. எதுக்கு எப்ப வேணும்னு நான் ஒருத்திதான் பாக்கறன். பாத்து என்ன பண்றது, சொல்ல முடியலியே."

"எனக்கு ஆடு வந்துச்சே, அது?"

"நீங்க ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. வேற என்ன பண்றது?"

நான் நினைத்தது சரிதான் என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு திருப்தி.

"நீங்க மட்டும்?" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "வெத்துத் துண்டு போட்டது யாரு? அவ எங்கிட்டக் காட்டுனா. ஒன்னுமே எழுதாததுல எம் புள்ள எம் பேரப் படிச்சிருக்கா." கொட்டையை ஒரு தட்டு தட்டினாள், அது தெறித்து ஆட்டின்மேல் போய் விழுந்தது.

"அடுத்த மாசப் பணம் இவ பல்லுக்குத்தான்" என்றேன். "இல்லன்னா ஆட்ட வித்துடுவன்."

"சினை ஆட்ட யாராச்சும் விப்பாங்களா? வேலையப் பாருங்க அத்த."

நான் பயந்தபடியே ஆனியில் தக்காளி விலை படுத்துவிட்டது. கூடையை ஏற்றிக்கொண்டு போன டீசல் காசுகூட வரவில்லை. மகன் இரண்டாயிரம்தான் போட்டான். காலேஜும் திறந்துவிட்டது, பேத்தி வாயை மூடியபடியே போய் வந்துகொண்டிருந்தாள். பல்தானே, இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நான் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாசம் பூராவும் அவள் பழைய மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் திறந்த நேரம், ஊர்ப் பிள்ளைகளின் யூனிபார்ம் எல்லாம் அவளிடம்தான் வந்தது. தைத்த கூலியை எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அரிசி டப்பாவில் இல்லை, தலையணை உறையிலும் இல்லை, பார்த்துவிட்டேன்.

ஆனி அமாவாசைக்குச் சொம்பு வந்தது. ஒரே ஒரு துண்டு. இருந்தாலும் குலுக்கச் சொன்னேன். எடுத்ததும் பேத்தியிடம் கொடுக்கவில்லை, பேரனிடம் கொடுத்தேன்.

"நீ படிடா. அவளயும் நம்ப மாட்டன், உங்கம்மாளயும் நம்ப மாட்டன்."

"அக்கா பேரு தான் ஆயா. பெருசா எழுதியிருக்குது."

மருமகள் பணத்தை எண்ணி வைத்தாள். எட்டாயிரம் முழுசாக இருந்தது. மகன் குறைத்த இரண்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. சாமி கொடுத்தது என்று நினைத்திருப்பான். அன்று ராத்திரி மருமகளின் முட்டிக்கு நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். அவள் வேண்டாம் என்றாள். நீ உட்காரு என்றேன்.

பல் டாக்டரிடம் மூன்று தரம் போனோம். நானும் கூடவே போய் அறைக்குள்ளேயே நின்றேன். மிஷினை வைத்து ராவுகிறாரே, இருக்கிற பல்லையும் தேய்த்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"பாட்டிம்மா, வெளிய உக்காருங்க" என்றார்.

"நான் ஒரு தரம் தேச்சு ஏமாந்துட்டன் சாமி. நீங்க பாத்துத் தேயுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேத்திக்கு விளங்கியது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

பேரனுடையதைப் போல வெள்ளை வெளேர் என்று ஆகவில்லை. வடித்த சோற்றுக் கஞ்சி நிறம் வந்தது. போதும். காலேஜில் இவளைப் போலவே கறைப் பல்லோடு ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களாம், எல்லாம் நம் ஜில்லாப் பிள்ளைகள். முதல் வாரமே ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்களாம். "அத மொதல்லயே சொல்லியிருந்தா எட்டாயிரம் மிச்சம்" என்றான் பேரன். அவனுக்கு ஓர் அறை கிடைத்தது.

ஆடியில் மறுபடி குலுக்கல் ஆரம்பித்தோம். இந்தத் தரம் நான் ஒரு நிபந்தனை போட்டேன். காகிதம் கூடாது. படிக்கிறவர்களை நம்பி நான் பட்டது போதும். அவரவர் ஒரு பொருள் போடட்டும் என்றேன். மகன் வண்டி நட்டு ஒன்றைப் போட்டான். பேரன் சைக்கிள் டியூபின் மூடி. பேத்தி ஊக்கு. மருமகள் ஒரு சட்டைப் பொத்தான். எனக்குப் புளியங்கொட்டை. யார் கண்ணுக்கும் தெரியும், யாரும் ஏமாற்ற முடியாது என்று எல்லோரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். மருமகளும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள்.

அமாவாசைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொம்புக்குள் கையை விட்டேன். நட்டு ஜில்லென்று இருந்தது. ஊக்கு குத்தியது. முப்பது வருஷம் தட்டிய புளியங்கொட்டையை என் விரலுக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பொத்தானை எடுத்து வெளியே போட்டேன்.

"பாத்தியா, மிஷினு நெசமாவே வந்திருச்சு!" என்றான் மகன். "எங்கம்மா கை ராசியான கை!"

மருமகள் பொத்தானைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அத்த, கண்ண மூடிக்கிட்டுத் தான எடுத்தீங்க?"

"மூடித்தான் இருந்தன். படிக்காதவளுக்கு என்ன தெரியும்?"

அன்றிலிருந்து அமாவாசை வந்தால் அவள் கண் என் விரலை விட்டு நகர்வதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்தக் கடைசிச் சங்கதியை மட்டும் எழுத வேண்டாம் என்று பேத்தியிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறாள். பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.